ஸ்னோடிராப் கிழங்கை வெட்டிப் பெருக்குவது

ஜனவரி கடைசியில், தோட்டத்தில் வேறு எதுவும் தலைகாட்டாத நேரத்தில் பூப்பது ஸ்னோடிராப். வெளியே மூன்று வெள்ளை இதழ், உள்ளே குட்டையாக இன்னும் மூன்று, அந்த உள் இதழ்களின் நுனியில் ஒரு பச்சைக் குறி. ஒரு சாண் உயரம்கூட வராது. இங்கிலாந்தில் சர்ச் வளாகம், பழைய பண்ணை வீடு, ஆற்றங்கரை மரநிழல் என்று எங்கு பார்த்தாலும் இருக்கும். அப்படியிருந்தும் இது இந்த மண்ணின் பூர்வீகச் செடி இல்லை என்பதுதான் இப்போது பெரும்பாலான தாவரவியலாளர்களின் கருத்து. பிரனீஸ் மலையிலிருந்து உக்ரைன் வரை பரவியிருக்கும் ஐரோப்பியச் செடி இது. ஜான் ஜெரார்டு 1597-இல் வெளியிட்ட மூலிகை நூலில் தோட்டச் செடியாக வந்துவிட்டது. காட்டில் தானாக வளர்வதாக இங்கே பதிவானது 1770களில்தான்.

எங்கள் வீடு லண்டனுக்கு வடமேற்கே ஹாரோவில். பின்கட்டில் ஒரு ஆப்பிள் மரம், அதன் நிழலில் சின்னதாய் ஒரு பாத்தி. அந்தப் பாத்தி முழுக்க 'எஸ். ஆர்னட்' என்ற ரகம் நிறைய வேண்டும் என்று எனக்கு ஆசை. சாதாரண ஸ்னோடிராப்பைவிட உயரம், பூவும் பெரிது, உருண்டை. ஒரு பூவைப் பறித்துச் சமையலறை மேசையில் வைத்தால் சூடு பட்டதும் தேன் வாசம் வரும். ஸ்காட்லாந்தில் டம்ஃப்ரீஸ் பக்கம் வாழ்ந்த சாமுவேல் ஆர்னட் என்ற தோட்டக்காரர், குளோஸ்டர்ஷயரில் கோல்ஸ்போர்ன் தோட்டத்தை வைத்திருந்த ஹென்றி ஜான் எல்வெஸுக்கு அனுப்பிவைத்த கிழங்கு வழியாக வந்த ரகம். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இன்னும் முதல் வரிசையில் நிற்கிறது. என் கையில் இருந்தது ஒரு சின்னத் தொட்டியில் சில கிழங்குகள். அவற்றை வெட்டித்தான் பெருக்கினேன். எப்படிச் செய்தேன், எது எதற்காக என்பதை இங்கே எழுதிவைக்கிறேன்.

ஏன் வெட்ட வேண்டும்

சும்மா விட்டாலே ஸ்னோடிராப் பெருகும். இரண்டு வழி. ஒன்று விதை. பூ முடிந்ததும் காய் கனத்து, காம்பு தரையில் சாயும். விதையின் ஒரு முனையில் வெள்ளையாகக் கொழுப்புச் சத்துள்ள ஒரு சதை ஒட்டியிருக்கும். எறும்புகள் அதற்காக விதையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சதையை மட்டும் தின்றுவிட்டு விதையை விட்டுவிடும். அதனால்தான் பாதை ஓரத்திலும் கல் இடுக்கிலும் தனிச் செடிகள் முளைத்து நிற்கின்றன. ஆனால் விதையிலிருந்து வருவது தாய்ச்செடியைப் போலவே இருக்கும் என்று சொல்ல முடியாது. 'எஸ். ஆர்னட்' வேண்டுமென்றால் அதன் உடலிலிருந்து பிரிந்த துண்டுதான் வேண்டும்.

இன்னொரு வழி, கிழங்கு பக்கத்தில் குட்டி விடுவது. இதில் ரகம் மாறாது. ஆனால் வேகம் ரகத்துக்கு ரகம் வேறு. 'எஸ். ஆர்னட்' ஓரளவு நன்றாகவே குட்டி போடும். மஞ்சள் குறி உள்ளவை, இதழெல்லாம் பச்சை கலந்தவை போன்ற அரிய ரகங்களில் பல வருஷக்கணக்கில் ஒற்றைக் கிழங்காகவே நிற்கும். இந்தப் பூவுக்காகப் பைத்தியமாய் அலைபவர்கள் கொடுக்கும் விலைக்குக் காரணம் இதுதான். 2012-இல் 'எலிசபெத் ஹாரிசன்' என்ற மஞ்சள் ரகத்தின் ஒரே ஒரு கிழங்கு இணைய ஏலத்தில் 725 பவுண்டுக்குப் போனது. 2015-இல் 'கோல்டன் ஃப்ளீஸ்' 1,390 பவுண்டு. 2022-இல் 'கோல்டன் டியர்ஸ்' 1,850 பவுண்டு. அவ்வளவு காசு கொடுத்து வாங்குபவர்கள் எல்லாரும் அதை வெறுமனே நட்டுவைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. வாங்குபவர் நர்சரிக்காரர் என்றால் அந்தக் கிழங்கின் அடுத்த இடம் வெட்டும் பலகைதான்.

முதன்முதலாகச் செய்பவர்களுக்கு நான் சொல்வது: மலிவான, திடமான ஒரு ரகத்தில் கையைப் பழக்குங்கள். 'எஸ். ஆர்னட்' அதற்கு ரொம்பப் பொருத்தம். எங்கும் வளரும் சாதாரண ஸ்னோடிராப்பான நிவாலிஸை வெட்டுவது வீண்வேலை. அதைக் கொத்தாகப் பிரித்து நட்டாலே போதும்.

கிழங்குக்குள் என்ன இருக்கிறது

கத்தியை எடுக்கும் முன்னால் இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஸ்னோடிராப் கிழங்கு என்பது அடியில் ஒரு மெல்லிய வட்டத் தட்டு, அதன் மேல் அடுக்கடுக்காகச் சதைப்பிடிப்பான வெள்ளை மடல்கள். அடித்தட்டிலிருந்து கீழே வேர் போகிறது, மேலே மடல்கள் எழும்புகின்றன. மடல்கள் வேறொன்றுமில்லை, பழைய இலைகளின் அடிப்பகுதி. ஒவ்வொரு பருவத்திலும் இரண்டு இலையின் அடியும் அவற்றைச் சுற்றியிருந்த உறையின் அடியும் தடித்து மடலாகின்றன. அதனால் வெங்காயத்தில் இருப்பது போல ஏகப்பட்ட அடுக்கு இதில் இருக்காது. எண்ணிக்கை குறைவு, ஒவ்வொன்றும் தடிப்பு.

நடுவில் இருக்கும் முளை உயிரோடு இருக்கும்வரை, மடல்களுக்கு இடையே தூங்கும் மற்ற மொட்டுகளைத் தலையெடுக்க விடாது. முளையை வெட்டிப் பிரித்துவிட்டால் அந்தத் தடை போய்விடும். மடலும் அடித்தட்டும் சேரும் மூலையில் புதிதாகக் குட்டிக் கிழங்கு உருவாகத் தொடங்கும். மடலில் சேர்ந்திருக்கும் மாவுச்சத்துதான் அதற்குச் சாப்பாடு. ஆக, ஒரு துண்டு பிழைக்க இரண்டு பொருள் வேண்டும்: கொஞ்சம் அடித்தட்டு, கொஞ்சம் மடல். அடித்தட்டு இல்லாத மடல் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அழுகித்தான் போகும். வெட்டும் முறை முழுக்க இந்த ஒன்றைக் காப்பாற்றுவதற்காகத்தான்.

தோண்டும் நேரம்

பிப்ரவரி முடிவில் பூ போனதும் வேலை முடிந்தது என்று தோன்றும். உண்மையில் அதற்கப்புறம்தான் கிழங்கு கனக்கிறது. மார்ச், ஏப்ரல் முழுக்க இலை வெயிலை வாங்கிக் கிழங்குக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த இலையை அறுப்பதோ, முடிச்சுப் போட்டு அழகாக்குவதோ கூடாது. காய்களை மட்டும் கிள்ளிவிட்டேன், சத்து விதைக்குப் போகாமல் இருக்கட்டும் என்று. தக்காளிக்கு ஊற்றும் பொட்டாஷ் அதிகமான உரத்தைப் பாட்டிலில் சொன்ன அளவில் பாதியாகக் கரைத்து, இலை பச்சையாக இருக்கும்வரை அவ்வப்போது ஊற்றினேன்.

மே மாதம் இலை மஞ்சளாகிப் படுத்துவிடும். இந்த நேரத்தில் ஒரு எதிரி வரும். நார்சிசஸ் ஈ. பார்க்கக் கொழுத்த தேனீ மாதிரி ரோமத்தோடு இருக்கும், ஆனால் பறப்பது தாழ்வாக, பாத்தியை ஒட்டி. காயும் இலையின் கழுத்தருகே முட்டையிட, புழு கீழே இறங்கி அடித்தட்டு வழியாகக் கிழங்குக்குள் புகுந்து நடுவைத் தின்றுவிடும். வெயில் படும் இடத்தில்தான் இதன் தொல்லை அதிகம், நிழலில் குறைவு. தொட்டி வைத்திருப்பவர்கள் மே, ஜூனில் கொசுவலை போன்ற மெல்லிய வலையை மேலே போட்டுவைப்பது நல்லது. நான் அதைத்தான் செய்தேன்.

தோண்டியது ஜூன் நடுவில். இலை முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும், கிழங்கு புது வேர் விடத் தொடங்கியிருக்கக் கூடாது. ஆகஸ்ட் போனால் வேர் கிளம்பிவிடும். தொட்டியைக் கவிழ்த்துக் கையாலேயே மண்ணை உதிர்த்தேன். ஒவ்வொரு கிழங்கையும் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் சரி. மெத்தென்று அமுங்கினால் உள்ளே புழுவோ அழுகலோ இருக்கிறது, அதைக் குப்பைத் தொட்டியில் போடுங்கள், எருக்குழியில் போடாதீர்கள். இலையில் துருப்பிடித்தது போலச் செம்பழுப்புத் திட்டு பார்த்திருந்தால் அந்தச் செடியையும் ஒதுக்கிவிட வேண்டும். ஸ்டாகனோஸ்போரா என்ற பூஞ்சை அது, கிழங்குக்குள்ளும் இறங்கிவிடும். நோயுள்ள கிழங்கை வெட்டினால் நோயும் அத்தனை துண்டாகப் பெருகும்.

தேர்ந்தெடுத்த கிழங்குகளில் பெரியவற்றை மட்டும் வெட்டுக்கு வைத்தேன். சிறியவை தொட்டிக்கே திரும்பின. எல்லாவற்றையும் வெட்டக் கூடாது, ஒன்றிரண்டாவது முழுசாக இருக்கட்டும்.

வீட்டிலிருப்பவர்களுக்குச் சொல்லிவையுங்கள்

தோண்டிய கிழங்குகளைச் செய்தித்தாளில் பரப்பிச் சமையலறை ஜன்னலோரம் வைத்திருந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த அம்மா ஒன்றைக் கையில் எடுத்து, "சின்ன வெங்காயம் தோட்டத்துலயே போட்டுட்டியா? சொல்லவே இல்ல" என்றார். "அம்மா, கீழே வைங்க, அது விஷம்" என்று ஓடி வாங்கினேன். பழுப்புத் தோல், அளவு, உள்ளே வெள்ளைச் சதை எல்லாம் அப்படியே சின்ன வெங்காயம்தான். வாசம் மட்டும் இருக்காது. லைக்கோரின் உள்ளிட்ட ஆல்கலாய்டுகள் (செடியே உண்டாக்கும் வேதிப்பொருள்கள்) இதில் இருக்கின்றன, தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். அன்றே கிழங்குகள் சமையலறையை விட்டு ஷெட்டுக்குப் போய்விட்டன. டப்பாவின் மேல் தமிழிலேயே பெரிதாக 'விஷம், தொடாதே' என்று எழுதி ஒட்டினேன். வெட்டும்போது கசியும் வழவழப்பான சாறு சிலருக்குத் தோல் அரிப்பைக் கொடுக்கும் என்பதால் மெல்லிய கையுறையும் போட்டுக்கொண்டேன்.

அதே ஆல்கலாய்டு குடும்பத்தைச் சேர்ந்ததுதான் கேலண்டமைன். காகசஸ் பகுதி ஸ்னோடிராப் இனமான வொரோனோவியில் 1950களில் சோவியத் ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்தது. 2001-இல் அமெரிக்காவில் அல்சைமர் நோய்க்கான மருந்தாக அனுமதி கிடைத்தது. அம்மாவிடம் இதைச் சொன்னதும் கிழங்கின் மேல் அவருக்கு மரியாதை வந்துவிட்டது, ஆனாலும் டப்பா பக்கம் போகவில்லை.

வெட்டு

தேவையான சாமான்கள் அதிகமில்லை. புது பிளேடு போட்ட ஸ்கால்பெல் (அறுவைக் கத்தி), கண்ணாடிப் பலகை அல்லது வழவழப்பான தட்டு, துடைக்க மெத்திலேட்டட் ஸ்பிரிட், சமையலறைக் காகிதம், ஜிப்லாக் பைகள், வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் இலேசான கனிமத் துகள்). மரப்பலகை வேண்டாம், அதன் கீறல்களில் பூஞ்சை தங்கும். ஒவ்வொரு கிழங்கு முடிந்ததும் பிளேடையும் தட்டையும் ஸ்பிரிட்டால் துடைத்து உலரவிட வேண்டும். நர்சரிகளில் துண்டுகளைப் பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் ஊறவைப்பார்கள். நான் மருந்து எதுவும் போடவில்லை, சுத்தத்தையே நம்பினேன்.

முதலில் பழுப்புத் தோலை உரித்துவிட வேண்டும். பூஞ்சை ஒளிந்திருப்பது பெரும்பாலும் அங்கேதான். தோல் போனதும் கிழங்கு பளிச்சென்று தந்த நிறத்தில் வரும். பச்சையாகவோ பழுப்பாகவோ ஏதாவது புள்ளி தெரிந்தால் அந்த இடத்தைச் சீவிவிடலாம். காய்ந்த வேர்களை அடித்தட்டுக்குச் சமமாகக் கத்தரிக்க வேண்டும். தட்டையே வெட்டிவிடக் கூடாது, அது ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தடிப்புதான். பழைய வேர்க்கட்டை தட்டின் அடியில் காய்ந்து ஒட்டியிருந்தால் வெள்ளை தெரியும்வரை இலேசாகச் சுரண்டலாம், அதற்குமேல் வேண்டாம். பிறகு மூக்கு. கிழங்கின் மேல்முனையில் கால் பங்கைக் குறுக்கே வெட்டி எறிந்துவிட வேண்டும். அங்கே பயன்படும் பகுதி எதுவும் இல்லை, இருந்தால் அழுகும்.

இப்போது கிழங்கைத் தலைகீழாக வையுங்கள். வெட்டிய மூக்கு தட்டில் தட்டையாக உட்காரும், அடித்தட்டு உங்களைப் பார்த்து இருக்கும். அந்த வட்டத்தின் நடுவைக் கண்ணால் குறித்துக்கொண்டு, பிளேடை அதன் மேல் வைத்து நேர்கீழாக அழுத்த வேண்டும். அறுக்கக் கூடாது, ஒரே அழுத்து. அடித்தட்டைத் தாண்டும்போது சின்ன எதிர்ப்பு இருக்கும், அதற்கப்புறம் பிளேடு வழுக்கிக்கொண்டு இறங்கிவிடும். இரண்டு பாதியையும் திறந்து பார்த்தால் மடல்கள் வளையம் வளையமாக, நடுவில் வெளிர்மஞ்சளாக அடுத்த பருவத்து முளை. பார்க்க மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், வரும் ஜனவரிப் பூ அது. அந்த முளையையும் பிளந்துகொண்டு போக வேண்டும். பாதியைக் கால், காலை அரைக்கால் என்று வெட்டினால் 8 துண்டு. கிழங்கு நல்ல பருமனாக இருந்தால் 16 வரை போகலாம். 'எஸ். ஆர்னட்' அளவுக்கு 8 போதும் என்பது என் எண்ணம். துண்டு சிறுத்தால் எண்ணிக்கை கூடும், ஆனால் குட்டிக்குச் சாப்பாடு குறையும், பூக்க இன்னும் ஒரு வருஷம் தள்ளும்.

ஒவ்வொரு துண்டையும் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். கீழ்முனையில் அடித்தட்டின் ஒரு சிறு ஆப்பு ஒட்டியிருக்கிறதா, அதில் மடல்கள் எல்லாம் பிடித்துக்கொண்டிருக்கின்றனவா? இருந்தால் அது செடி. தனியாகக் கழன்றுவந்த மடலைத் தயங்காமல் போட்டுவிடுங்கள்.

இதைவிட நுணுக்கமான முறை ஒன்று உண்டு. ஒவ்வொரு துண்டையும் இன்னும் பிரித்து, இரண்டிரண்டு மடலும் அவற்றை இணைக்கும் தட்டுத் துணுக்குமாக வெட்டுவது. ஒரே கிழங்கில் இன்னும் நிறையக் கிடைக்கும். விலையுயர்ந்த ரகங்களில் நர்சரிக்காரர்கள் அதைச் செய்கிறார்கள். பூதக்கண்ணாடியும் நடுங்காத கையும் வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு முதல் முறையே தாராளம்.

துண்டுகளைக் காகிதத்தின் மேல் பரப்பி ஓர் இரவு விட்டேன். வெட்டுவாய் உலர்ந்து இலேசாகத் தோல் கட்டினால் போதும், சுருங்கும்வரை விடக் கூடாது.

பைக்குள்

வெர்மிகுலைட்டில் ஈரம் எவ்வளவு என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. 10 பங்கு வெர்மிகுலைட்டுக்கு 1 பங்கு தண்ணீர், அளவுக் கோப்பையால் அளந்து. தண்ணீர் காய்ச்சி ஆறவைத்தது. கலந்த பிறகு தொட்டால் ஈரம் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும், அதுதான் சரியான பதம். கையில் பிடித்து அழுத்தினால் ஒரு சொட்டுகூட விழக் கூடாது. போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றத் தோன்றும். ஊற்றாதீர்கள். துண்டுகளுக்குள்ளேயே தண்ணீர் இருக்கிறது, பை மூடியிருப்பதால் எங்கும் போகாது.

பையில் வெர்மிகுலைட்டைப் போட்டு, துண்டுகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் கலந்து, காற்று நிறைந்திருக்கும்படி உப்பலாக மூடினேன். துண்டுகளும் மூச்சு விடுகின்றன, அதற்கு அந்தக் காற்று வேண்டும். ஒரு கிழங்கின் துண்டுகள் ஒரு பையில். ஒன்று கெட்டால் மற்றதற்குப் பரவாது. ரகப் பெயரைப் பென்சிலால் எழுதிய லேபிளைப் பைக்குள்ளேயே போட்டுவிட வேண்டும்.

வைக்கும் இடம் இருட்டாக, 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். இந்த நாட்டு வீடுகளில் சுடுநீர்த் தொட்டி இருக்கும் அலமாரி நினைவுக்கு வரும், ஆனால் அது பெரும்பாலும் சூடு அதிகம். படுக்கையறை உடுப்பு அலமாரியின் கீழ் அடுக்கு நன்றாகவே அமைந்தது. லண்டன் கோடையில் வீட்டுக்குள் இயல்பாகவே அந்த வெப்பம் இருக்கும்.

இனி 12 வாரம். முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்க வேண்டும். நீலப்பச்சைப் பூஞ்சை ஒரு துண்டில் தெரிந்தால், அதைச் சுற்றியிருக்கும் வெர்மிகுலைட்டோடு சேர்த்து ஒரு கரண்டியால் எடுத்துவிட வேண்டும். சில துண்டுகள் போகத்தான் செய்யும். போவது பெரும்பாலும் முதல் சில வாரத்தில்தான். அதைத் தாண்டியவை நிலைத்துவிடும். பை திறந்ததும் மண்வாசம் வந்தால் நல்லது, புளிச்ச வாடை வந்தால் எங்கோ அழுகல் இருக்கிறது.

பாதிக் காலத்துக்குப் பிறகு மாற்றம் தெரியும். முதலில் மடல்கள் விசிறி போல விரிந்து ஒன்றைவிட்டு ஒன்று விலகும். அந்த இடுக்கில், அடித்தட்டை ஒட்டி, ஒரு வெள்ளைப் புடைப்பு. செப்டம்பரில் பையைக் கொட்டியபோது அந்தப் புடைப்புகள் 3 முதல் 5 மில்லிமீட்டர் வரை முழுக் கிழங்காகவே உருண்டிருந்தன. சில துண்டில் ஒன்று, சிலவற்றில் இரண்டு. பழைய மடல் மெலிந்து கண்ணாடி போலாகியிருந்தது. இரண்டொன்றில் வேர்முனையும் எட்டிப் பார்த்தது.

தொட்டியில்

குட்டிக் கிழங்கைப் பழைய மடலிலிருந்து பிய்க்க வேண்டாம். மடலில் மிச்சம் இருக்கும் சத்தை அது உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறது. அப்படியே துண்டோடு நட வேண்டும்.

மண்கலவைக்கு ஜான் இன்ஸ் 2-ஆம் எண் என்று கடையில் கிடைக்கும் தொட்டி மண் இரண்டு பங்கு, தோட்டக் கடைகளில் விற்கும் பொடிக்கல் ஒரு பங்கு, சலித்த இலைமக்கு ஒரு பங்கு. ஹாரோ மண் சுத்தக் களிமண், மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும், கோடையில் வெடிக்கும். அதில் நேரடியாக விட்டால் இந்தச் சிறு உருண்டைகள் காணாமல் போய்விடும். குளத்துச் செடிகளுக்கு விற்கும் சல்லடைக் கூடைகள்தான் இதற்குச் சிறந்த தொட்டி. வேர் பக்கவாட்டில் வெளியே போகும், ஆனால் கிழங்கு கூடைக்குள்ளேயே இருக்கும். எந்தக் கூடையில் எந்த ரகம் என்ற குழப்பம் வராது. ஒரு விரற்கடை ஆழத்தில் குட்டிகள் மூடும்படி வைத்து மேலே பொடிக்கல் தூவினேன். கூடைகளை ஆப்பிள் மரத்தடியில் விளிம்புவரை மண்ணில் புதைத்துவிட்டேன். மரத்தில் இலை இருக்கும் கோடையில் நிழல், இலை உதிர்ந்த குளிர்காலத்தில் வெளிச்சம். காட்டில் இந்தச் செடிக்கு இயற்கை கொடுத்த இடமும் அதுதான்.

லேபிள் விஷயத்தில் ஒரு வார்த்தை. மேலே தெரியும் லேபிளைக் கருங்குருவிகள் புழு தேடும் சாக்கில் பிடுங்கி எறிந்துவிடும். எனவே ஒவ்வொரு கூடையின் உள்விளிம்பிலும் மண்ணுக்குள் இன்னொரு லேபிள் போட வேண்டும். மை வெயிலில் வெளுக்கும், பென்சில் எழுத்து வெளுக்காது.

முதல் வசந்தத்தில் ஒவ்வொன்றும் ஒற்றை இலைதான் விடும், புல்லைப் போல மெல்லியதாக. களை என்று பிடுங்கிவிடாதபடி வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவைக்க வேண்டும். உறைபனி இறங்கும் காலையில் அந்த இலைகள் வதங்கித் தரையோடு படுத்துக் கிடக்கும். செத்துப் போனதாக நினைக்க வேண்டாம். வெயில் ஏறியதும் நிமிர்ந்துவிடும். கடும் குளிரைத் தாங்கும் ஏற்பாடு இந்தச் செடியின் உடம்பிலேயே இருக்கிறது.

இரண்டாம் வருஷம் இலை இரண்டாகி அகலமாகும். அந்த வருஷக் கோடையில் கூடைகளைப் பிரித்து, இடம் விட்டு மறுபடி நட்டேன். மூன்றாம் வருஷம் ஜனவரியில் முதல் பூக்கள். எல்லாம் ஒரே நாளில் இல்லை, துண்டின் பருமனுக்கு ஏற்ப முன்பின்னாக. நான்காம் வருஷத்தில் மிச்சமிருந்தவையும் பூத்துவிட்டன. வெளி இதழின் உருண்டை, உள் இதழில் ஆங்கில வி எழுத்தைக் கவிழ்த்தது போன்ற பச்சைக் குறி, தேன் வாசம், எல்லாம் தாய்க் கிழங்கில் இருந்தது அப்படியே. வெப்பம் 10 டிகிரியைத் தாண்டிய ஒரு மதியத்தில் வெளி இதழ்கள் நன்றாக விரிந்து நிற்க, குளிர்த்தூக்கத்திலிருந்து எழுந்த ராணி வண்டுத்தேனீ ஒன்று ஒவ்வொரு பூவாகத் தொங்கிக்கொண்டு போனது. அந்தப் பருவத்தில் அதற்கு வேறு எங்கே சாப்பாடு கிடைக்கும்!

கூடையில் நெரிசலானதும் தரைக்கு மாற்றினேன். இதைப் பூ முடிந்து இலை பச்சையாக இருக்கும் மார்ச் மாதத்திலேயே செய்யலாம். தரையில் 8 முதல் 10 சென்டிமீட்டர் ஆழம். இலைக்காம்பில் வெள்ளையும் பச்சையும் சேரும் கோடு இருக்கும், முன்பு மண் இருந்த மட்டம் அது. அந்தக் கோடு மண்ணோடு சமமாக இருக்கும்படி வைத்து உடனே தண்ணீர் ஊற்ற வேண்டும்.

கிழங்கு வாங்கும்போது

இலையுதிர் காலத்தில் கடைகளில் வலைப்பையில் தொங்கும் உலர்ந்த ஸ்னோடிராப் கிழங்குகளை நான் வாங்குவதில்லை. வெளித்தோல் மெல்லியது, சீக்கிரம் காய்ந்து உயிர் போய்விடும். வெட்டுவதற்கு அவை ஆகவே ஆகாது. பிப்ரவரியில் பூவோடு தொட்டியில் விற்பதையோ, மார்ச்சில் இலையோடு தபாலில் வருவதையோ வாங்கி ஒரு வருஷம் வளர்த்து, பிறகு வெட்டுங்கள். பூவைப் பார்த்து வாங்குவதால் ரகமும் சரியாக இருக்கும்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள்: நர்சரியில் பெருக்கியதா, காட்டில் தோண்டியதா? துருக்கியின் மலைகளிலிருந்து ஸ்னோடிராப் கிழங்குகளை லட்சக்கணக்கில் தோண்டி ஐரோப்பியத் தோட்டங்களுக்கு அனுப்பிய காலம் உண்டு. 1990 முதல் ஸ்னோடிராப்பின் பேரினமான கேலந்தஸ் முழுவதும், அரிய உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. நாடுவிட்டு நாடு அனுப்ப அனுமதிப் பத்திரம் வேண்டும். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியபின் லண்டனிலிருந்து பாரிஸில் இருக்கும் உறவினருக்கு நாலு கிழங்கு தபாலில் போடுவதற்கும் இந்த விதி பொருந்தும். ஒரு கிழங்கை எட்டாக்கும் வேலையை வீட்டிலேயே கற்றுக்கொண்டால் மலையைத் தோண்டிய கிழங்கு யாருக்கும் தேவைப்படாது. எனக்கு இந்த வேலை பிடித்துப்போனதற்கு அதுவும் ஒரு காரணம்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ இருந்து படிப்பவர்களுக்கு: ஸ்னோடிராப் குளிர் இல்லாமல் வளராது, சமவெளியில் முயல வேண்டாம். ஆனால் இதே குடும்பத்தைச் சேர்ந்த, நம் ஊர் வாசல்களில் சிவப்பாகப் பூக்கும் அமரில்லிஸ் லில்லியை, அதாவது ஹிப்பியாஸ்ட்ரத்தை, இதே முறையில் பெருக்கலாம். கிழங்கு பெரிது என்பதால் கைக்கு இன்னும் வசதி. 8-க்குப் பதில் 12, 16 துண்டு தாராளமாக வரும். பூ முடிந்து இலை நன்றாகத் தேறிய திடமான கிழங்காக எடுங்கள். அடித்தட்டு விதி அங்கேயும் அதேதான். நம் ஊர் வெப்பத்தில் பூஞ்சை வேகமாக வரும் என்பதால் வெர்மிகுலைட்டின் ஈரத்தை இன்னும் கொஞ்சம் குறைத்து, பையை வாரத்துக்கு இருமுறையாவது பார்த்துக்கொள்ளுங்கள். அதுவும் விஷம்தான், வெங்காயக் கூடைப் பக்கம் வைக்க வேண்டாம்.